வடம் பிடித்த சொல்

“இந்தச் சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட அனுமதி தாருங்கள், ஆசிரியரே.”

நாகதேவனார் ஓர் ஓலையை நீட்டினார். அதன் தலைப்பில் ஒரே ஓர் எழுத்து இருந்தது.

மா.

இளநங்கையார் ஓலையை வாங்கவில்லை.

“அது என்ன குற்றம் செய்தது?”

“ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை.”

சங்குமுனைத் துறைமுகத்தில் ஏழு மொழியார் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கும். அவர் கையில் ஒரு வெள்ளைக் கோல் இருக்கும். கோல் பிடித்தவர் சொல்வதே துறைமுகத்தின் சொல்.

கோல் அப்போது இளநங்கையாரிடம் இருந்தது. அவருக்கு வயது முப்பத்து நான்கு. கார்த்திகை பிறந்ததும், தெற்கே புதிதாகத் திறக்கும் துறைமுகத்துக்கு அவர் போக வேண்டும். போவதற்குள் கோலைத் தக்கவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நாகதேவனாருக்கு வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவர். அந்தக் கோலுக்காகவே தம் பள்ளியை விட்டு வந்து, தம் மகளைவிட இளையவரிடம் மூன்று ஆண்டுகளாக மாணவராக இருந்தார்.

மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு சொற்களுக்கு ஏழு மொழிகளிலும் பொருள் எழுதி முடித்திருந்தார். எஞ்சியது ஒன்று. அதை இளநங்கையாரே கொடுத்திருந்தார்.

“மா என்பதன் பொருளைக் கொண்டுவாரும். கொண்டுவந்தால் கோல் உம்முடையது.”

அது ஆவணி மாதம். இப்போது புரட்டாசி பாதி கழிந்துவிட்டது.

“எழுதியதைப் படியும்,” என்றார் இளநங்கையார்.

நாகதேவனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அரபு நாட்டுச் சோனகர் தண்ணீர் என்கிறார்கள். பாரசீகர் நாம் என்கிறார்கள். சிங்களவர் தம் நெஞ்சைத் தொட்டு, நான் என்கிறார்கள். சீனரிடம் அது குதிரை. குரலைச் சற்றே மாற்றினால் அதுவே தாய்.”

“குதிரையும் தாயுமா?”

“இதைத்தான் நானும் கேட்டேன். அவர்களுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.”

“சயாம் நாட்டாரிடம்?”

நாகதேவனார் தயங்கினார்.

“வா என்று பொருள்.”

“தயங்கியது ஏன்?”

“அவர்களுடைய கப்பலுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன், ஆசிரியரே. கப்பல் தலைவர் மேல்தளத்தில் நின்றார். வருமாறு அழைத்தேன். கப்பல் முழுவதும் சிரித்தது. அவர்களிடமும் குரல் மாறினால் பொருள் மாறும். நான் அவரை நாயே என்று அழைத்திருக்கிறேன்.”

“அவர் வந்தாரா?”

“வந்தார்.”

“பிறகு என்ன குறை?”

நாகதேவனார் ஓலையைத் திருப்பினார்.

“வடநாட்டுப் பண்டிதரிடம் கேட்டேன். அவருடைய மொழியில் அது வேண்டாம் என்று தடுக்கும் சொல்.”

“நம் மொழியில்?”

“அதைச் சொல்லத்தான் நாணுகிறேன். மாமரம் அது. விலங்கும் அது. பெரியது என்றாலும் அதுவே. அரிசியை இடித்தால் கிடைப்பதும் அதுவே. வயலை அளந்தால் அங்கும் வந்து நிற்கிறது. நம் வீட்டிலேயே இத்தனை வைத்துக்கொண்டு வெளியாரை எப்படிக் குறை சொல்வேன்?”

அவர் ஓலையைக் கீழே வைத்தார்.

“எல்லாப் பொருளும் உடைய சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆகையால் நீக்கிவிடலாம்.”

இளநங்கையார் அப்போதுதான் ஓலையைக் கையில் எடுத்தார். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். மாணவர் எவர் எழுதியதையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். பார்த்து முடித்ததும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்.

“பிழை இருக்கிறது.”

“எங்கே, ஆசிரியரே?”

அவர் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார்.

*

பத்து நாள்களில் நாகதேவனார் மீண்டும் வந்தார். இம்முறை நடையில் ஒரு வேகம் இருந்தது. ஓலைகள் பதினெட்டு.

“கண்டுபிடித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று.”

“என்ன வேர்?”

“பெருமை. தண்ணீர் பெரியது. தாய் பெரியவள். விலங்குகளில் குதிரை பெருமை உடையது. தனியே நிற்கும் நானைவிடச் சேர்ந்து நிற்கும் நாம் பெரிது. பெரியவர்கள்தாம் வேண்டாம் என்று தடுக்கிறார்கள். பெரியவர்கள்தாம் வா என்று அழைக்கிறார்கள்.”

இளநங்கையார் பதினெட்டு ஓலைகளையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசி ஓலையை வைத்தார்.

“நாய்?”

நாகதேவனார் ஓலைகளைத் திரட்டிக் கட்டத் தொடங்கினார்.

*

மூன்றாம் முறை அவர் வந்தபோது கையில் ஓலை இல்லை. ஐப்பசி பிறந்திருந்தது.

“ஆசிரியரே, நான் இலக்கணம் கற்பித்தவன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இருந்தால்தான் இருவர் ஒரு செயலைச் செய்ய முடியும். சொல்லின் பொருளில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். அதுவே அடிப்படை. தாங்கள் கேட்கும் சொல்லில் எவரும் எவருடனும் ஒத்துப்போகவில்லை. அதைக் கொண்டு எந்தச் செயலும் நடவாது.”

“அப்படியா?”

“அப்படியேதான்.”

இளநங்கையார் எழுந்தார். சுவரோரத்தில் நாகதேவனாருடைய அகராதிப் பெட்டி இருந்தது. பூவரச மரத்தில் செய்தது. மூன்று ஆண்டு உழைப்பின் ஓலைகள் முழுவதும் அதற்குள் இருந்தன.

“இதைச் சன்னலருகில் வைக்க வேண்டும். ஒரு புறத்தைப் பிடியும்.”

நாகதேவனார் ஒரு புறத்தைப் பிடித்தார். இளநங்கையார் மறுபுறத்தைப் பிடித்தார்.

“மூன்று எண்ணித் தூக்குவோம்,” என்றார் இளநங்கையார். “மூன்று என்னும் சொல்லின் பொருளில் நாம் இருவரும் ஒத்துப்போகிறோம் அல்லவா?”

“இதில் என்ன ஐயம்?”

“நீரே எண்ணும்.”

“ஒன்று. இரண்டு. மூன்று.”

மூன்று என்னும்போதே இளநங்கையார் தூக்கிவிட்டார். மூன்று என்று சொல்லி முடித்துவிட்டுத் தூக்க நாகதேவனார் குனிந்துகொண்டிருந்தார். பெட்டி சரிந்தது. மூடி திறந்தது. ஓலைகள் தரையெங்கும் சிதறின. பெட்டியின் விளிம்பு நாகதேவனாரின் கால் பெருவிரலில் இறங்கியது.

அவர் வாயிலிருந்து ஓர் ஒலி வந்தது. அது அகராதியில் இல்லாதது.

“பிழை எங்கே?” என்று கேட்டார் இளநங்கையார்.

அவர் கோலை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய்விட்டார்.

நாகதேவனார் ஓலைகளை அகர வரிசைப்படி அடுக்கி முடிக்க நான்கு நாள்கள் ஆயின.

*

ஐந்தாம் நாள் காலையில் மீரான் தண்டல் ஓடிவந்தார். துறைமுகத்தில் கயிறு, நங்கூரம், ஆள்கட்டு அனைத்தும் அவர் பொறுப்பு. இருபது ஆண்டுகளில் அவர் ஓடியதை ஒருவரும் பார்த்ததில்லை.

“அம்மா, மணல்திட்டில் ஒரு கப்பல் ஏறிவிட்டது.”

“எத்தனை பேர்?”

“நூற்று அறுபது. பாதிப் பேர் பெண்டுபிள்ளைகள்.”

மூவரும் கரைக்கு விரைந்தார்கள். நாகதேவனார் நொண்டிக்கொண்டே வந்தார்.

வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் ஒரு பெரிய கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒவ்வோர் அலைக்கும் அதன் பாய்மரம் நடுங்கியது.

“படகு?”

“இரண்டு போயின. இரண்டும் கவிழ்ந்தன. ஆட்கள் நீந்தித் தப்பினார்கள். கப்பலிலிருந்து ஒரு மிதவையில் வடத்தின் நுனியைக் கட்டி விட்டார்கள். அது கரைக்கு வந்துவிட்டது. இழுத்தால் கப்பல் கால்வாய்க்குள் வழுக்கி வந்துவிடும். ஆனால் என்னிடம் முப்பது பேர்தாம் இருக்கிறார்கள். இருநூறு பேராவது வேண்டும்.”

“நேரம்?”

மீரான் தண்டல் கரையோரக் கம்பத்தைக் காட்டினார். கம்பத்தில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. கடல் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

“மேல்சிப்பியைத் தொட்டதும் நீர் இறங்கத் தொடங்கும். இறங்கினால் கப்பல் மணலில் உட்கார்ந்துவிடும். பிறகு அலை அதைப் பிளந்துபோடும். இரண்டு நாழிகை இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.”

“துறையில் நிற்கும் எல்லாக் கப்பல்களிலிருந்தும் ஆட்களை வரச் சொல்லும்,” என்றார் இளநங்கையார்.

வந்தார்கள். சோனகர் வந்தனர். பாரசீகர், சிங்களவர், சீனர், சயாம் நாட்டார் வந்தனர். கப்பலுக்காகக் காத்திருந்த வடநாட்டு யாத்திரிகர்களும் தங்கள் பண்டிதரின் பின்னால் வந்தனர். மீரான் தண்டலின் முப்பது பேரும் சேர்ந்து, ஏழு மொழியார் இருநூற்றுப் பதினைந்து பேர் ஒரே வடத்தைப் பிடித்து நின்றனர்.

இளநங்கையார் வெள்ளைக் கோலை நாகதேவனாரிடம் நீட்டினார்.

“இன்று நீர்.”

“ஆசிரியரே, நான் இன்னும் பொருளைச் சொல்லவில்லையே.”

“அதுவரை அந்தக் கப்பல் நிற்காது. அது கால்வாய்க்குள் வந்தால் இந்தக் கோல் உம்முடையது. வராவிட்டால் நாளைக் காலையில் உம் பள்ளிக்குத் திரும்பலாம்.”

“தாங்கள் எங்கே நிற்பீர்கள்?”

“எனக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.”

அவர் வடத்தின் கடைக்கோடிக்கு நடந்தார். அங்கே நின்றிருந்த சிங்கள மாலுமி ஒருவர் சற்று விலகி இடம் கொடுத்தார்.

*

கோல் பிடித்தவருக்கு ஒரு விதி உண்டு. அவர் எந்தக் கூட்டத்தோடும் சேர்ந்து நிற்கலாகாது. பாரம் தொடலாகாது. கரையில் அவருக்கென்று கல்லால் கட்டிய மேடை ஒன்று இருந்தது.

நாகதேவனார் மேடைமேல் ஏறினார். கோலை உயர்த்தினார்.

‘எல்லோரும் ஒன்றாக இழுங்கள்’ என்னும் ஆணையை முதலில் தமிழில் சொன்னார். பின்னர்ச் சோனக மொழியில் சொன்னார். தொடர்ந்து மற்ற ஐந்து மொழிகளிலும் சொன்னார். ஏழு ஆணைகளிலும் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, மரியாதை இருந்தது. உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

தமிழர் இழுத்தனர். அவர்கள் இழுத்து ஓய்ந்தபோது சோனகர் இழுத்தனர். அவர்கள் ஓய்ந்தபோது பாரசீகர் இழுத்தனர்.

வடம் ஏழு முறை விறைத்து ஏழு முறை தொய்ந்தது. கப்பல் இருந்த இடத்தில் இருந்தது.

“புலவரே!” என்று கீழிருந்து கத்தினார் மீரான் தண்டல். “ஏழு தடவை இழுத்தாயிற்று. ஏழு தடவையும் ஏழில் ஒரு பங்கு ஆள்தான் இழுத்திருக்கிறோம்!”

“ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் பிழையில்லாமல் சொன்னேனே.”

“கயிறு இலக்கணம் படித்ததில்லை, புலவரே.”

முரசு கொண்டுவந்தார்கள். முரசு முழங்கியது. சோனகர் அடி விழும்போது இழுத்தனர். சீனர் இரண்டு அடிகளுக்கு நடுவில் இழுத்தனர். அவர்கள் கப்பலில் அதுதான் வழக்கம். யாத்திரிகர்கள் முரசைக் கேட்டதும் வடத்தை விட்டுவிட்டுக் கைகூப்பினர்.

பாட்டுப் பாடச் சொன்னார்கள். மீரானின் ஆட்கள் ஏலேலோ போட்டார்கள். ஏலேலோவின் எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. பாரசீகர் தங்கள் பாட்டைத் தொடங்கினர். கரையில் ஏழு பாட்டுகள் எழுந்தன.

பாரசீக மாலுமி ஒருவர் வடத்தைக் கீழே போட்டுவிட்டார். அவர் விட்டதால் பின்னால் நின்ற சீன மாலுமி மல்லாந்து விழுந்தார். எழுந்து, மணலைத் துப்பி, எதையோ நெடுநேரம் சொன்னார்.

பாரசீகர் மேடையைப் பார்த்துக் கேட்டார். “அவன் என்ன சொல்கிறான்?”

“மொழிபெயர்க்கத் தக்கதன்று,” என்றார் நாகதேவனார்.

அவர் கம்பத்தைப் பார்த்தார். நீர் மேல்சிப்பிக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. கப்பலின் மேல்தளத்தில் ஒரு பெண் குழந்தையை உயர்த்திப் பிடித்திருந்தாள். கரைக்குக் காட்டுவதுபோல் அவள் பிடித்திருந்தாள்.

நாகதேவனார் கோலைத் தாழ்த்தினார்.

அவர் வடத்தின் கடைக்கோடியைப் பார்த்தார். இளநங்கையார் அவரைப் பார்க்கவில்லை. வடத்தைப் பிடித்தபடி, அடுத்த சொல்லுக்காக மற்றவர்களைப் போலவே காத்து நின்றார்.

அப்போது நாகதேவனாரின் கால் பெருவிரல் வலித்தது.

மூன்று.

மூன்று என்பதன் பொருளில் இருவரும் ஒத்துப்போனார்கள். பெட்டி விழுந்தது. எண்ணியவர் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர். இருவர் வாயும் சேர்ந்து சொல்லவில்லை.

அவர் தம் அகராதியை மனத்தில் திறந்தார். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கற்பிக்க நேரமில்லை. கற்பிக்காமலே இந்த ஏழு மொழியாரின் வாயிலும் ஏற்கெனவே இருக்கும் சொல் ஒன்று வேண்டும்.

ஒன்று இருந்தது. அதை நீக்கத்தான் அவர் அனுமதி கேட்டிருந்தார்.

*

நாகதேவனார் மேடையிலிருந்து இறங்கினார். கோலை மணலில் நட்டார். வடத்தின் முன்தலைக்குப் போய், நனைந்த தென்னங்கயிற்றை இரண்டு கைகளாலும் பற்றினார்.

மீரான் தண்டல் பதறினார்.

“கோல் பிடித்தவர் பாரம் தொடக்கூடாது, புலவரே!”

“அதனால்தான் கோலை நட்டுவிட்டேன்.”

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு, பள்ளியில் ஒருமுறையும் எழுப்பாத குரலில் கத்தினார்.

“மா!”

கத்தியபடியே இழுத்தார். அவர் ஒருவர் மட்டும் இழுத்தார். வடம் அவரைப் பொருட்படுத்தவில்லை.

பண்டிதர் நடுவிலிருந்து குரல் கொடுத்தார். “வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா?”

“விடாதீர்! நீரும் சொல்லும்!”

“எதை?”

“வேண்டாம் என்பதை!”

அவர் மறுபடியும் கத்தினார். “மா!”

சயாம் கப்பல் தலைவர் அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தார். அந்தக் குரலை அவர் அறிவார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பு வயிற்றிலிருந்து எழுந்து வந்தது.

“நாய்!” என்றார் அவர் தம் மொழியில், நாகதேவனாரின் முதுகைப் பார்த்து. சொன்ன வேகத்திலேயே இழுத்தார். அவருடைய ஆட்கள் இருபது பேரும் சிரித்துக்கொண்டே அதையே சொல்லி இழுத்தார்கள்.

“மா!”

வடம் விறைத்தது. சிங்களவர் இருவர் அதை உணர்ந்தனர். தாங்களும் இழுப்பதாகச் சொல்வதுபோல், நான் என்று கத்தி இழுத்தனர்.

“மா!”

சோனகர் கடலைப் பார்த்து, அங்கே கிடக்கும் தண்ணீரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டனர். சீனர் குதிரையை விரட்டினர். கீழே விழுந்து எழுந்த சீனர் மட்டும் தம் தாயை அழைத்தார். பாரசீகர் கீழே போட்ட வடத்தை எடுத்துக்கொண்டு, நாம் என்றனர். மீரானின் ஆட்களில் ஒருவர் அது மாமரம் என்று நினைத்தாரோ, வயல் என்று நினைத்தாரோ, அவரை எவரும் கேட்கவில்லை.

“மா!”

அந்த ஒலி வடத்தின் தலையிலிருந்து கடைக்கோடிவரை ஓடியது. பிறகு ஓடவில்லை. இருநூற்றுப் பதினேழு வாய்களிலும் ஒரே நொடியில் பிறந்தது. சொல்லாமல் ஒருவரும் இழுக்கவில்லை. இழுக்காமல் ஒருவரும் சொல்லவில்லை.

பண்டிதர் கண்களை மூடிக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தொண்டை கிழிய அலறியபடி, தம் வாழ்நாளில் இழுத்திராத இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

கடல் நீர் மேல்சிப்பியைத் தொட்டது.

“மா!”

பாய்மரம் அசைந்தது.

“அசைந்தது!” என்றார் மீரான் தண்டல். அதற்குள் அடுத்த மா வந்துவிட்டதால், மீதியை அவர் சொல்லவில்லை. தாமும் வடத்தைப் பிடித்தார்.

“மா!”

கப்பலின் அடியில் மணல் கரகரத்தது. அந்த ஒலி கரைவரை கேட்டது. சாய்ந்திருந்த பாய்மரம் ஒரு சாண் நிமிர்ந்தது.

“மா!”

இரண்டு சாண்.

“மா!”

வடம் திடீரெனக் கனமிழந்தது. இருநூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்து மணலில் விழுந்தார்கள்.

விழுந்தவர்களுக்குச் சற்று நேரம் வானம் மட்டுமே தெரிந்தது.

முதலில் எழுந்தவர் பண்டிதர். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

கப்பல் கால்வாயின் நடுவில், நேராக, தன் நிழலைத் தண்ணீரில் விட்டபடி மிதந்து வந்துகொண்டிருந்தது.

அதன் மேல்தளத்தில் நூற்று அறுபது பேரும் நின்றார்கள். கரையிலிருந்து தங்களை இழுத்து வந்த சொல் என்ன மொழி என்று அவர்களுக்குத் தெரியாது. கரையைப் பார்த்து அவர்களும் அதையே கத்தினார்கள்.

“மா! மா! மா!”

கரை முழுவதும் அதைத் திருப்பிக் கத்தியது. வடத்தை விட்ட பாரசீகர், கீழே விழுந்த சீனரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். சோனகர் பண்டிதரைத் தூக்கினார்கள். பண்டிதர் வேண்டாம் என்றார். இம்முறை அதை எவரும் நம்பவில்லை.

சயாம் கப்பல் தலைவர் நாகதேவனாரைக் கைகொடுத்து எழுப்பினார். எழுப்பிவிட்டு, மிகச் சரியான குரலில், மெதுவாக, வா என்னும் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார்.

நாகதேவனார் அதைப் பின்பற்றிச் சொன்னார்.

தலைவர் மீண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

*

கடைக்கோடியிலிருந்து இளநங்கையார் வந்தார். முடியெல்லாம் மணல். முழங்கையில் சிராய்ப்பு.

அவர் நாகதேவனாரின் முன்னால் நின்றார்.

“மா என்பதன் பொருளைக் கேட்டிருந்தேன்.”

நாகதேவனார் ஓலை தேடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. கயிற்றின் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிவந்து கிடந்தன. சில இடங்களில் தென்னை நார் பதிந்திருந்தது. இலக்கணம் கற்பித்த இருபத்தாறு ஆண்டுகளில் எழுத்தாணியைத் தவிர வேறெதையும் பற்றாத கைகள் அவை.

இளநங்கையார் குனிந்தார். இடக்கையில் தொடங்கி வலக்கைவரை, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

பிறகு மணலில் நின்ற வெள்ளைக் கோலைப் பிடுங்கினார். மூடமுடியாத அந்தக் கைகளில் வைக்காமல், அவருடைய அக்குளில் செருகினார்.

“பிழையில்லை.”